சோப்பு வைத்த எஞ்சின்

மேன்ஷன் நண்பர்களே, கேரம் போர்டுக்கு மேலே இந்தத் தாளை ஒட்டியிருப்பது பதினான்காம் அறைக்காரன்.

என் அறை நண்பன் சந்தானம் தன் 350 சிசி மோட்டார் சைக்கிளை 500 சிசி போல ஓடவைக்கப் போகிறானாம். இன்று மதியம் மயிலாப்பூர் மெக்கானிக் காதர் பாயிடம் போனோம்.

“வயிறு எவ்ளோ பெருசா இருந்தா இன்னா நைனா? தொண்டை வழியாத்தான் சோறு எறங்கணும். எஞ்சினுக்குத் தொண்டை ஹெட்டுதான்” என்று போன மாதம் சொன்னவர் பாய்தான். அதைக் கேட்டு, எஞ்சினின் மேல்மூடியான அந்த ஹெட்டைக் கழற்றி, அதில் காற்று நுழையும் துளையை சந்தானம் அறையிலேயே அரத்தால் ராவிப் பெரிதாக்கியிருந்தான்.

பாய் துளைக்குள் சின்ன பல்பை விட்டு எரியவைத்தார். வெளிப்பக்கம் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.

“ஓட்டை கீது. இத்த மாட்டாத.”

சந்தானம் சட்டைப் பையிலிருந்து சோப்புத் துண்டை எடுத்தான். “பெட்ரோல் டாங்க் ஒழுகினா இதைத்தானே பாய் வைப்பீங்க?”

ஆக, ஓட்டை அவனுக்கு முன்பே தெரியும்.

“டாங்கு சுடாது, இது சுடும். சோப்பு உருகினா பெட்ரோல் கலக்காத வெறும் காத்து உள்ள பூந்துக்கும். பிஸ்டன் சூடாயி புடிச்சுக்கும். ஓடிக்கினு இருக்கச்சொல்லோ பின் சக்கரம் நின்னுரும்.”

பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். சந்தானம் ஓட்டையில் சோப்பை அப்பி, தானே பூட்டினான். வண்டி பிரமாதமாக உறுமியது.

நாளைக் காலை மகாபலிபுரம் போகிறான். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

எனக்குக் காய்ச்சல் வரப்போவதால் பின் சீட்டு காலி. வேண்டுபவர்கள் கீழே பெயர் எழுதலாம். ஊர் விலாசத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.