வீங்கின கதவும் வந்த விருந்தாளியும்

அந்தக் கோடையில் பிற்பகலானால் இடி இடித்தது, மழை கொட்டியது, நின்றதும் முன்னைவிட அதிகமாகப் புழுங்கியது. உப்பு கட்டிதட்டியது. துவைத்த துணி கொடியிலேயே கிடந்து நாறியது. அதையெல்லாம் அக்கா பொறுத்துக்கொண்டாள். தையல் ஆலையில் பட்டன் துளை போடுகிறவள். பிசிறு பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணை உறுத்தியது குளியலறைக் கதவு ஒன்றுதான். ஈரக் காற்றில் மரம் ஊதிப்போய், எவ்வளவு சாத்தினாலும் நாலு விரல் திறந்தே நின்றது.

தம்பியோ தச்சன். பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா?

"கொஞ்சம் இழைச்சு விடேன்டா தம்பி."

"வீட்டு ஓனர் போட்ட கதவு அக்கா அது. வீங்கியிருக்கும்போது இழைச்சா, காஞ்சதும் சந்துல பூனை போகும். வெயில் வரட்டும். அதுவரைக்கும் பாடுங்க."

வீட்டில் இப்படித்தான் ஒரு சட்டம் பிறந்தது. உள்ளே இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தம்பி சீட்டியடிப்பான். அக்கா தாலாட்டை முனகுவாள். தம்பி மனைவி பஸ் கண்டக்டர், பாட்டு வராது. "மார்க்கெட் எறங்கு, பாலம் எறங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் முன்னாடி வா" என்று தன் தடத்தையே ஒப்பிப்பாள்.

"அம்மா இன்னும் ஆஸ்பத்திரியே தாண்டலை. நான் எப்பக் குளிக்கிறது?" என்று வெளியே நின்று கத்துவாள் அவர்கள் மகள் சிட்டு.

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பி மனைவியின் உடன்பிறந்த மூத்தவள் வருவதாகச் சொன்னாள். கல்யாணப் பேச்சின்போது, "மரத்தூளைத் தின்னா வயிறு நிறையுமா?" என்று கேட்டவள். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் தங்கையிடம் "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று விசாரிப்பாளே தவிர, அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த வீட்டுப் படி ஏறுவதும் இதுதான் முதல் தடவை. திரும்பிப் போகும்போது தம்பியைப் பற்றி நல்ல எண்ணத்தோடு போகவேண்டும் என்பதே அக்காவின் ஒரே ஆசை. அவன் செய்த அலமாரியை மூலை முடுக்கு விடாமல் துடைத்து வைத்தாள்.

விருந்தாளி வியர்வையில் குளித்து வந்து சேர்ந்தாள். தம்பி வேலைக்குப் போயிருந்தான்.

"பெரியக்கா, குளியலறைக் கதவு சரியா சாத்தாது. உள்ள இருக்கும்போது பாடணும்," என்றாள் தம்பி மனைவி.

"பாடவா? நானா?"

"வராட்டி கதவையாவது தட்டிக்கிட்டே இருங்க."

"தச்சன் வீட்டுல சாத்தாத கதவு. பேஷ்!"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

திறந்த கதவோடு குளிக்கிற ஆளா விருந்தாளி? உள்ளே போனவள் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து இழுத்தாள். கதவு நிலைக்குள் போய் அப்படியே இறுகிக்கொண்டது. அந்தச் சத்தத்தை இடி விழுங்கிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

சற்று நேரத்தில் டொக் டொக்கென்று கேட்டது. "பரவாயில்லையே, சொன்னபடி தட்டுறாங்களே," என்றாள் தம்பி மனைவி. தட்டல் வேகமெடுத்தது. "பெரியம்மா சூப்பராத் தாளம் போடுறாங்க அத்தை!" என்று சிட்டு குதித்தாள். ஏதோ குரலும் கலந்து வந்தது. "பாட்டும் வந்துடுச்சு," என்று சொல்லி அக்காவே கரண்டியால் பாத்திரத்தில் ஒத்துத் தட்டினாள்.

நனைந்துகொண்டே வந்த தம்பி வாசலிலேயே நின்றான்.

"உள்ள யாரு?"

"பெரியம்மா பாடுறாங்கப்பா."

"பாட்டா இது? கதவுல அந்த இடுக்கு எங்க?"

எல்லோரும் குளியலறைக்கு ஓடினார்கள். கிட்டே போனதும் குரல் தெளிவாகக் கேட்டது. "மாட்டிக்கிட்டேன், மாட்டிக்கிட்டேன்னு எவ்வளவு நேரமாக் கத்துறேன்! காது அடைச்சுப் போச்சா உங்களுக்கு?"

"இடிச்சு உடைடா," என்று அக்கா பதறினாள்.

"எதுக்கு உடைக்கணும்?" அவன் சுத்தியலால் கீல்களின் ஆணிகளைத் தட்டி எடுத்தான். "சேலை கட்டியாச்சா பெரியக்கா?" என்று தங்கை கேட்டு உறுதி செய்தபின் கதவைப் பெயர்த்தெடுத்து, அதையே தன் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்தபடி கூடத்துக்கு நடந்தான்.

வெளியே வந்தவளின் முகம் கதவைவிட வீங்கியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா கையைப் பிசைந்தாள்.

"துண்டு அந்த அலமாரியில, கீழ் இழுப்பறையில இருக்கு," என்றாள் தங்கை.

விருந்தாளி இருந்த கோபத்தில் காலை ஊன்றி வெடுக்கென்று இழுத்தாள். இழுப்பறை வழுக்கிக்கொண்டு வந்தது. அதை மடியில் ஏந்தியபடி அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டு அலமாரி இந்த ஈரத்துல திறந்தே மாசமாச்சு. இது யார் செஞ்சது?"

"என் தம்பிதான்," என்றாள் அக்கா. "மரம் வீங்கும்னு முன்னாடியே இடம் விட்டுச் செய்வான்."

விருந்தாளி எழுந்து இழுப்பறையைப் பொருத்தி, ஒற்றை விரலால் உள்ளே தள்ளினாள், மறுபடி இழுத்தாள், மறுபடி தள்ளினாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தம்பி, எங்க வீட்டுக்கு ஒருவாட்டி வந்து பார்த்துட்டுப் போறீங்களா?"

அந்த வீட்டில் அவனை அப்படிக் கூப்பிட அதுவரை அக்கா ஒருத்திதான் இருந்தாள். பங்கு போனதில் அவளுக்கு வருத்தமே இல்லை. உலையில் இன்னொரு கை அரிசி சேர்த்துப் போட்டாள்.

சாயங்காலம் குளியலறை வாசலில் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். உள்ளே போன விருந்தாளி யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்தாள்.

சிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, பெரியம்மாவைத் தட்டவே சொல்லுங்க."