கடைசி வீட்டுச் சன்னாசி

பிறந்த இடத்தை விட்டு நகராத ஒரு மனிதர் எப்படி எல்லாவற்றிலிருந்தும் இவ்வளவு தூரமாகிப் போனார்? சன்னாசியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

செமோருக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடொன்றில், பிறந்தவர் அவர். ஐம்பத்தாறு வயதிலும் அதே மண்ணில்தான் குடியிருக்கிறார். மண்ணின் மேலிருந்தவைதான் மாறிவிட்டன. பால்மரங்கள் நின்ற இடத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். வாலிபத்தில் வாசலிலிருந்து இறங்கி நடந்தால் வேலைக்காடு வந்துவிடும். இன்று அவருடைய வேலை ஈப்போ நகரையும் தாண்டி, சிம்பாங் பூலாயில், சலவைக்கல் அறுக்கும் ஒரு தொழிற்சாலையில். அவர் எங்கும் போகவில்லை, வேலைதான் போய்விட்டது என்று சொல்லலாம். ஆனால் அது பாதிதான் சரி. மீதித் தூரத்தை அவரே கேட்டு வாங்கினார்.

தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தரைவீடு தருவதாக முடிவானது. யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு சன்னாசிக்கு. பெரிய சாலையை ஒட்டிய முதல் வீட்டையே அவர் எடுத்திருக்கலாம். கடைசி வரிசையில் கடைசி வீடு வேண்டும் என்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் கடைசியிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீடு கட்டிய நிறுவனத்தின் ஆள் தான்தான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பிப் பார்த்தாராம்.

தோட்டத்துக் கணக்கு அப்படி. விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிடும்போது நிற்காதவருக்கு அன்று வேலை கிடையாது. பெரட்டுக் களத்தை ஒட்டிய முதல் வீட்டில் கங்காணி இருந்தார். அவர் கண்ணுக்கு எட்டாத வீடுதான் நல்ல வீடு. அங்கே மாடு கட்டலாம். உடம்புக்கு முடியாத நாளில் சத்தமில்லாமல் படுத்திருக்கலாம். கங்காணியும் களமும் ஒழிந்த பிறகும் அவர்கள் அந்தக் கண்ணுக்குத் தப்பித்தே வீடு எடுத்தார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. புத்திசாலித்தனம் என்றும் சொல்ல முடியவில்லை.

அப்போது கடைசி வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே சில வரிசைத் தரைவீடுகளும் புல்தரையும்தான். பிறகு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று மாடி வீடுகள் எழும்பின. வாசலுக்கு இரண்டு கார் என்று ஆனது. பேருந்து கொஞ்ச காலம் குடியிருப்பின் நுழைவாயில் வரை வந்தது, பிறகு அதுவும் நின்றது. காலையில் எல்லாரும் ஒரே வாயில் வழியாக வெளியேறுவதால், கடைசி வீட்டிலிருந்து சாலையைப் பிடிப்பதே ஒரு பயணமாகிவிட்டது.

சன்னாசியிடம் ஒரு பழைய டீசல் வேன் உண்டு. ஈப்போ பக்கம் வேலைக்குப் போகும் மூன்று பேர் நுழைவாயிலில் அவருக்காகக் காத்திருப்பார்கள். டீசல் செலவை நால்வரும் பகிர்ந்துகொள்வார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் கலாதேவி, கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் துளசி, டயர் கடையில் வேலை பார்க்கும் தனேஸ்வரன். தனேஸ்வரன் சன்னாசியின் மனைவி புனிதாவுக்குத் தம்பி. மூவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், பெயர் கூப்பிட்ட பிறகுதான் சன்னாசி கதவைத் திறப்பார்.

"கலாதேவி."

"வந்தாச்சுண்ணே."

"துளசி."

"இருக்கேன்."

"தனேஸ்வரன்."

"மச்சான், உங்க மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன்லா. கண்ணாடி போட்டுப் பாருங்க."

"பேர் சொன்னா பதில் சொல்லு."

"சரிங்க கங்காணியாரே, வந்தாச்சு."

மற்றவர்கள் சிரிப்பார்கள். சன்னாசி சிரித்ததில்லை. ஒருநாள் தனேஸ்வரன் சிகரெட் வாங்க ஓடிய நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டு வேனை எடுத்துவிட்டார். அன்று இரவு புனிதா கணவருக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றவில்லை.

டீசலுக்கான மானியம் மாறி, விலை ஒரே இரவில் ஏறியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அரசாங்க உதவித்தொகை வந்தது. வேனின் வயிற்றுக்கு அது போதவில்லை. துளசி மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். தனேஸ்வரன் ஈப்போவில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். கலாதேவி மட்டும் மிஞ்சினார். அவர் ஒருவருக்காகவும் பெரட்டு நடந்தது. சன்னாசியோ செலவை ஈடுகட்ட மிகைநேர வேலை பார்க்கத் தொடங்கினார். வேலைக்குப் போவதற்காகவே அதிகம் வேலை செய்தார். இதில் எது எதற்காக என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

ஒரு காலையில் ஜெலாப்பாங் சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றது. விளக்கு பச்சையானது, வேன் அசையவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். கலாதேவி பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். சன்னாசி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பச்சை வந்து, போயி, மறுபடி சிவப்பும் வந்திருச்சு."

"ஒரு நிமிசம் கண்ண மூடினேன்."

"ஓடுற வண்டியில மூடாம இருந்தீங்களே, சாமிக்குத்தான் நன்றி சொல்லணும்."

கலாதேவி அன்றே புனிதாவிடம் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய வாரம்தான், ஆட்கள் தவுக்கே என்று அழைக்கும் தொழிற்சாலை முதலாளி, பின்புறம் காலியாகக் கிடக்கும் மேற்பார்வையாளர் வீட்டில் வாடகையில்லாமல் வந்து இருக்கச் சொல்லியிருந்தார். மாத முடிவுக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். சன்னாசி இதை வேனில் கலாதேவியிடம் சொன்னதோடு சரி, வீட்டில் சொல்லவே இல்லை. கலாதேவி சொல்லித்தான் புனிதாவுக்கு அதுவும் தெரிந்தது. இரவு கணவருக்குச் சோறு போட்டதும் கேட்டார்.

"வேலைக்குப் பக்கத்துல வீடு. தவுக்கே சும்மா குடுக்கிறாரு. அப்புறம் என்ன சுசா, என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"யோசிக்கலாம்லா."

"யோசிச்சுக்கிட்டேதான் சிக்னல்ல தூங்குனீங்களா?"

சன்னாசி மோரை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

"இந்த வீட்டுல அப்படி என்ன இருக்கு? நீங்க இருட்டுல போறீங்க, இருட்டுல வாரீங்க. இந்த வாசல வெயில்ல பாத்து எத்தன நாளாச்சு? ஒருநாள் ரோட்டுலேருந்து யாராச்சும் எனக்கு போன் போட்டுச் சொல்லணும், அதுக்குத்தான் காத்திருக்கேனா?"

புனிதா சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. சன்னாசியும் கண்டுபிடிக்கவில்லை. முதலாளி கொடுக்கும் வீடு வேலை இருக்கும்வரைதான் என்று நினைத்தாரா? லயத்தில் பிறந்தவர் அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நாம் சொல்லி அவரை விளக்கிவிட்டதாக நினைப்பது சரியாகப் படவில்லை.

மாதக் கடைசி நாளில் முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் நுழைவாயில் அருகே உணவுக்கடை வைத்திருக்கும் முகமது இப்ராஹிமிடம் போனார். சாலையை ஒட்டிய அந்த முதல் வீட்டில்தான் இப்ராஹிம் இருந்தார். லாரிச் சத்தத்தில் மனைவி பல்கீஸுக்குத் தூக்கமே இல்லை, உள்ளே தள்ளி இருக்கும் யாராவது வீடு மாற்றிக்கொள்வார்களா என்று இப்ராஹிம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், என் வீட்ட நீங்க எடுத்துக்குங்க. உங்க வீட்டுக்கு நான் வாரேன்."

இப்ராஹிம் கரண்டியைக் கீழே வைத்தார். "கடைசி வீட்டயா? அண்ணே, வேலைக்குப் போற தூரம் அப்படியேதான் இருக்கு. உங்க வீட்டுலேருந்து இந்த நுழைவாயில் வரைக்கும் உள்ளதுதான் மிச்சமாகும். அதுக்கா?"

"எப்ப சாமான் ஏத்தலாம்?"

"எங்க வீட்டுக்காரி கேட்டா இன்னிக்கே ஏத்துவா. நீங்க புனிதாக்காகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. புனிதா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், கலாதேவி முன் இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே வர வேண்டும், மிகைநேர வேலை கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டுவிட்டுப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார். கட்டிலைத் தூக்கும்போதுதான் கேட்டார்:

"அன்னிக்கு மொதச் சீட்டு உங்களுக்குத்தான விழுந்துச்சு. அன்னிக்கே இந்த வீட்ட எடுத்திருக்கலாம்ல?"

"அந்தக் கால் பக்கம் பிடி, செவுத்துல இடிக்குது."

மறுநாள் விடியுமுன் கலாதேவி நுழைவாயிலுக்கு வந்தபோது சன்னாசி முதல் வீட்டு வாசலில், வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பெயர் கூப்பிடுவாரென்று கலாதேவி காத்திருந்தார். சன்னாசி கதவைத் திறந்துவிட்டு, "ஏறும்மா" என்றார். அன்றிலிருந்து அவர் யார் பெயரையும் கூப்பிட்டதில்லை.