வலது கன்னத்துப் பொட்டு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மராத்தி பேசும் ஊரில், விஷ்ராந்த்வாடி என்ற பகுதியில் இரண்டறை வீடொன்றில் குடியிருந்தோம். கணவர் ஆபீசுக்குப் போனதும், ஐந்து மாத மகனைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஏப்பம் விடத் தோளில் போட்டுத் தட்டி, தூளியில் கிடத்துவேன். அதற்குப்பின் சாயங்காலம் வரை நானும் அவனும்தான்.

பொழுதுபோகட்டும் என்று கணவர் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய கேம்ப் கடைத்தெருவில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். புதுக்காலத்துத் திகில் கதைகள். பேய்க்கதை என்றால் பாழடைந்த பங்களாவும் வெள்ளைப் புடவையும் என்று நினைத்திருந்தேன். இவற்றில் எல்லாமே பட்டப்பகலில், சமையலறையிலும் குளியலறையிலும் நடந்தன. ஒரு கதையில் ஒரு தாய்க்குத் தன் குழந்தை தினமும் சற்றே வேறாகத் தெரிகிறது. ஒருநாள் காது மடல், மறுநாள் ஒரு மச்சம். கணவன் சிரிக்கிறான். அவள் தொட்டிலருகே போவதையே நிறுத்திவிடுகிறாள். குழந்தை மாறியதா, அவள் மாறினாளா என்று எழுதியவர் சொல்லவேயில்லை.

"இவ்வளவு பயமா இருந்தா எதுக்குப் படிக்கிறே? திருப்பிக் குடுத்துடறேன்" என்றார் கணவர்.

"வேண்டாங்க. பாதியில விட்டா இன்னும் பயமா இருக்கும்."

"டிகிரி படிச்சவ பேசுற பேச்சா இது!"

மறுநாள் மகன் தூங்கியதும் அதே கதையை மறுபடி எடுத்தேன். எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பேனோ என்ற சந்தேகம். முடிக்கும்போது அவன் அழுதான். தூளிச் சேலையை விலக்கினேன்.

திருஷ்டிப் பொட்டு அவனுடைய வலது கன்னத்தில் இருந்தது.

நான் என்றும் இடது கன்னத்தில்தான் வைப்பேன். அன்று காலையும் அப்படித்தான். இல்லையா? இடது கன்னம் வெறுமையாகத் தெரிந்தது. வாசல் கதவைப் போய்ப் பார்த்தேன், உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பின்கதவும் அப்படியே. திரும்பி வந்தபோது அவன் வீறிட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல்தான். கொஞ்சம் கட்டையாக இருக்கிறதோ? அழுகையைக் கேட்டு எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஆனாலும் அவனைத் தூக்கக் கை போகவில்லை. தூளிக்கு ஓரடி தள்ளி நின்றேன்.

கதவை யாரோ தட்டினார்கள். போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா. கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழர், காலை நேரப் பள்ளியில் டீச்சர். என்னை இந்தியில் 'பாபி', அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"அரே பாபி, எங்க போயிட்டீங்க? பச்சா அரை மணியா கத்துது! செவுத்துக்கு அந்தாண்ட எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கலியா?"

அரை மணியா? ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்றல்லவா நினைத்தேன்.

அவர் நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கினார். "பொட்டு... பொட்டு வலது பக்கம் இருக்குக்கா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தோளைப் பாருங்க."

ரவிக்கையின் தோளில் கறுப்பாக ஒரு கறை. ஊரிலிருந்து அம்மா அனுப்பும் ஜவ்வரிசிச் சாந்து தீர்ந்துபோய், அன்று காலை முதல் தடவையாகக் கடைக் காஜலை வைத்திருந்தேன். சாந்து காய்ந்து பிடித்துக்கொள்ளும். காஜல் காயாது. தோளில் கிடந்தவன் தலையைத் திருப்பித் திருப்பி வைத்ததில், இடது கன்னத்து மை தோளில் ஒட்டி, அங்கிருந்து வலது கன்னத்தில் பதிந்திருக்கிறது. அவர் காட்டியபின்தான் இடது கன்னத்தில் மை லேசாக ஈஷியிருந்ததும் கண்ணில் பட்டது.

"எங்க வீட்ல திருஷ்டியும் கிடையாது, இந்தக் கூத்தும் கிடையாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று ஓடினார்.

பொட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். புத்தகத்தை மூடியபோது பார்த்த மணியிலிருந்து அரை மணி ஓடியிருந்தது. அக்கா சொன்னது சரிதான். அந்த அரை மணி நேரமும் நான் அங்கேயேதான் நின்றிருக்கிறேன்.

அவசரமாக மார்போடு அணைத்தேன். அவ்வளவு பசியிலும் அவன் வாய் வைக்கவில்லை. விசும்பலை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அம்மாதான்டா" என்றேன்.

அதன் பிறகும் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் குடிக்கத் தொடங்கினான்.