கேஸ் டாக்டரின் அண்ணன்

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நான். அறுவைக்கு முன் மூச்சோடு இழுக்கவைத்துத் தூங்கச் செய்யும் வாயுதான் என் பிழைப்பு. இங்கே அதற்கும் கேஸ் என்றுதான் பெயர், வயிற்றுப் பொருமலுக்கும் கேஸ் என்றுதான் பெயர். பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருந்த என் அண்ணனுக்கு இது போதாதா? கல்யாண வீடோ சாவு வீடோ, "என் தம்பி ஊருக்கே கேஸ் விடுத டாக்டராக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அவரை எனக்குப் பிடிக்காது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

குற்றால சீசனில் ஒரு மத்தியானம், நர்ஸ்களுக்கு எடுக்க வேண்டிய வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ரத்தம் அடைபட்டால் இதயத்தின் செல்கள் பட்டினி கிடந்து சாகும். அதற்கு முன்பே மயக்க வாயுவைக் கொஞ்சம் வாங்கியிருந்த செல்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கின்றன. ரத்தம் திரும்பப் பாயும்போது வரும் சேதமும் குறைகிறது. விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது, மனிதர்களிடம் அவ்வளவு உறுதியில்லை. செத்த செல்லை எந்த வாயுவும் எழுப்பாது. இதை எழுதும்போது போன் அடித்தது.

அண்ணன். கூட்டாளிகளோடு குற்றாலத்தில் குளித்துவிட்டுப் புரோட்டாவும் கோழியும் தின்றிருக்கிறார்.

"ஏலே, நெஞ்ச அடைக்குது. வேர்த்து ஊத்துது. கேஸ் புடிச்சிட்டுன்னு நெனைக்கேன். என்ன செய்யலாம்?"

வேர்க்கிறது என்றதுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனை வருஷம் காத்திருந்த வாய்ப்பை விட மனசு வரவில்லை.

"கேஸ்னா நான்தானே டாக்டர். ஒரு சோடா குடிச்சிட்டுப் படுங்க அண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

சாயங்காலம் மதினி அழுதுகொண்டே கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் இதயத் தசையில் பெரும் பகுதி செத்துப்போயிருந்தது. உயிர் மட்டும் தப்பியது. இப்போது நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். கடையை விற்றாயிற்று.

போன மாதம் அவருக்குக் குடலிறக்க அறுவை. இனித் தள்ளிப்போட முடியாது என்றார்கள்; அந்த இதயம் தாங்குமா என்பதும் சந்தேகம். தம்பிதான் கேஸ் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம் பிடித்தார். மேசையில் படுத்ததும் பயந்துபோய்க் கேட்டார்.

"இது நெஞ்ச ஒண்ணும் செய்யாதுல்லா?"

"அளவாக் குடுத்தா காவல்தான் அண்ணே. மிச்சம் இருக்கதுக்கு."

"செத்ததுக்கு?"

"அதுக்கு இல்ல. அன்னைக்கு ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா நெறைய தப்பிச்சிருக்கும்."

பழக்கதோஷத்தில், நோயாளிகளைக் கடிந்துகொள்ளும் அதே குரலில் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னையே பார்த்தார்.

"வரவான்னு கேக்கதுக்குத்தானலே ஒனக்குப் போன் போட்டேன்."

கேஸ் முகமூடியை எடுத்து அவர் மூக்கும் வாயும் சேர்ந்து மூடும்படி அழுத்தினேன். நல்லா மூச்ச இழுங்க அண்ணே என்றேன். சொன்னபடி இழுத்தார்.