வசித்து வருகிறார்

பழனியிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அவர். ஐம்பது வயதிருக்கும். புது மொட்டை, மீசையும் இல்லை. மலைக்குப் போய் முடியிறக்கி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கைப்பேசித் திரையைக் கட்டைவிரலால் கீழே இழுப்பார், பார்ப்பார், மறுபடி இழுப்பார். ஆயக்குடி தாண்டியும் அந்த விரல் ஓயவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கே இருப்புக்கொள்ளவில்லை.

"என்னண்ணே, எதுவும் ரிசல்ட் பாக்குறீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. பேப்பர்ல ஒரு சாவுச் செய்தி வந்திருச்சான்னு பாக்குறேன்."

யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பல வருடமாக எழுதுகிறாராம். அதில் ஒரு பக்கத்தைக் காட்டினார். பழைய கபடி வீரர் ஒருவரைப் பற்றியது. 'தற்போது பாலசமுத்திரத்தில் வசித்து வருகிறார்' என்று முடிந்தது.

"முந்தாநாள் தவறிட்டாருங்க. என்ற கூடப்பொறந்த அண்ணன். நாந்தான் கொள்ளி வச்சேன்."

"அப்ப நீங்களே மாத்திரலாமே?"

"கண்ணால பாத்தது ஆதாரம் ஆகாதுங்க. பேப்பர்ல வரோணும். வந்தாலும் சொந்தக்காரன் கை வைக்கக் கூடாது, வேற யாராச்சும்தான் மாத்தோணும். புதுசா எழுத வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்விதானுங்க இது. அதுக்குப் பதில் எழுதிப் போட்டதே நாந்தான்."

சொல்லிவிட்டு மறுபடி திரையை இழுத்தார். ஒட்டன்சத்திரத்தில் இறங்கும்போதும் இழுத்தபடியேதான் போனார்.

அந்தப் பக்கத்தை இப்போதும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். அண்ணன் இன்னும் பாலசமுத்திரத்தில்தான் வசித்து வருகிறார். அன்றைக்கு அந்த விரல் தேடியது செய்தி வர வேண்டும் என்றா, வந்துவிடக் கூடாது என்றா?