ஆவூர் அக்காவின் இங்கிலீஷ் பாட்டு

கல்யாண மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கும் சகோதரர்களே, நம் வேதனை உங்களுக்குத் தெரியும்: நாம் வாசிப்பது யார் காதிலும் விழாது, பந்திக்குக் கூப்பிடுவது மட்டும் நம் காதில் விழும்.

மாப்பிள்ளை கேட்ட பாட்டு

எங்கள் இன்னிசைக் குழுவின் பாடகி ஸ்டெல்லா அக்கா, ஆவூர்க்காரர். கழுத்தில் கட்டி எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. மேடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அந்த நேரத்தில் இலுப்பூரில் ஒரு ரிசப்ஷன். துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, ஒரு பழைய இங்கிலீஷ் ராக் பாட்டைப் போனில் அனுப்பி, அது கட்டாயம் வேண்டும் என்றார். முழுக்கக் கத்தல். கேட்டு முடித்த எங்கள் டிரம்மர் பாபு சொன்னார்:

"இதுக்கு ஒரு தொண்டை பத்தாதுங்க. ரெண்டு பேரு சண்டை போட்டாத்தான் வரும்."

அடுப்படியில்

ஆனாலும் பாபு விடவில்லை. வேகத்தையும் சுருதியையும் குறைத்து, கால் தானாக ஆடுகிற ஃபங்க் தாளத்துக்கு மாற்றினார். லீட் கிட்டாரின் இரைச்சலை எடுத்துவிட்டு, பாட்டைத் தூக்கி என் பேஸ் மேல் உட்கார வைத்தார். எனக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

பாட்டை அக்காவுக்கு முன்னாலேயே போனில் அனுப்பிவிட்டு, எங்கள் தாளத்தில் வாசித்துக் காட்ட அவர் வீட்டுக்குப் போனோம். பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனவர், அடுப்படியிலிருந்தே கீழ்க்குரலில் முணுமுணுக்க ஆரம்பித்தார். பழைய குரல் இல்லை. கனமாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. நாங்கள் கோபம் என்று நினைத்த வரிகள் அவர் பாடும்போது ஏக்கமாகக் கேட்டன. வாசிப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க, வாசிங்க. இது என் கொரலுக்கு எட்டுது."

இலுப்பூர் மண்டபத்தில்

மாப்பிள்ளைக்குத் தான் அனுப்பிய பாட்டுத்தான் அது என்று முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் சுருங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். இரண்டாவது சரணத்தில் மணப்பெண்ணின் தோள் அசைய ஆரம்பித்தது. அப்புறம் முன்வரிசைப் பெண்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே மாலையோடு ஆடினார்.

முடிந்ததும் பெண்ணின் சித்தப்பா விறுவிறுவென்று மேடையேறினார். குறை சொல்லத்தான் வருகிறார் என்று அக்கா மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தையும் புரியலைம்மா. அடுத்த மாசம் குளத்தூர்ல என் மகளுக்குக் கல்யாணம். நீங்களே வந்து இதையே பாடணும்."

இப்போது போகிற இடமெல்லாம் அதை 'ஆவூர் அக்கா பாட்டு' என்றுதான் கேட்கிறார்கள். அதை எழுதிய வெள்ளைக்காரர்களுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது என்பதுதான் எங்கள் ஒரே கவலை.