57 எல், ஏழாம் தாள்

தகரக் குழாயிலிருந்து உருவிய வரைபடத்தில் நனைந்த சாக்கின் வாடை அடித்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருபது வீடுகள் கொண்ட ஊர் எங்களுடையது. அப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்துவந்தார். தொழிற்பேட்டைக்குப் பெரிய மின்பாதை போட வந்த பொறியாளர் எங்கள் முன்னறையில் வாடகைக்குத் தங்கி, தரையில் அந்தத் தாளை விரித்தார். அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. அதை அவர் “லைன்” என்றார்.

அம்மா குனிந்து பார்த்தாள். “எங்க ஊரு இதுல எங்கங்க இருக்குது?”

“இது சின்ன அளவும்மா. பெரிய ஊருங்க மட்டும்தான் வரும்.”

“அப்ப நாங்க இல்லேன்னு கோடு போட்டுட்டீங்களா?”

பொறியாளர் சிரிக்கவில்லை. பெங்களூரும் திருப்பதியும் நாங்களும் ஐம்பத்தேழு என்ற ஒரே பெருந்தாளுக்குள் இருக்கிறோம் என்றும், அதைப் பதினாறு கட்டமாக்கி எழுத்துக் கொடுத்ததில் ஓசூர் ‘எச்’சிலும் நாங்கள் ‘எல்’லிலும் விழுந்தோம் என்றும், அந்த ‘எல்’லையும் பதினாறாக்கி மேலிருந்து கீழாக எண் போட்டால் ஏழாவது தாளில்தான் எங்கள் வீடுகள் தெரியும் என்றும் சொன்னார். கையில் இருந்ததோ ‘எல்’ மட்டும். ஏழாம் தாளை அப்பாவே பெங்களூரில் இருந்த சர்வே ஆபீசுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தார்.

அதில் ஊர் இருந்தது. சிவப்புப் புள்ளிகளாக வீடுகள், நீல வளையமாகக் கிணறு. பழைய தாளில் எங்கள் ஊர் மேலேயே போன சிவப்புக் கோட்டைப் பொறியாளர் ரப்பரால் தேய்த்துவிட்டு, புதிய தாளில் ஊருக்குக் கிழக்கே வெறும் வெள்ளையாகக் கிடந்த இடத்தின் மேல் புதிதாக இழுத்தார். “இங்க ஒண்ணும் இல்லையே?”

தாள் எப்போதோ அளந்தது. அந்த வெள்ளை இடத்தில் என் தோழி சரசுவின் அப்பா முனுசாமி கிணறு வெட்டி வீடு கட்டி மூன்று வருஷமாகியிருந்தது. முந்தின நாள்கூட அங்கே களி தின்றுவிட்டு வந்தவள் நான். அப்பாவைப் பார்த்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள், வலித்தது.

“வெறும் மேடுதாங்க” என்றார் அப்பா.

மறுமாதம் கல் நட வந்தவர்கள் வீட்டைக் கண்டு திகைத்தார்கள். ஆனால் மேலே ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. முனுசாமி எங்கள் வாசலில் வந்து நின்று, “பாய், நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்று கேட்டபோது, அப்பா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். “அவரு ஊர்ல இல்லீங்க” என்று அம்மா சொன்னாள். சரசுவின் குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது.

இப்போது நானும் ஓசூரில்தான் வேலை பார்க்கிறேன். போன வருஷம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் சரசு. பேச்சுவாக்கில், “அன்னிக்கு அந்த மேப்ப பிரிச்சப்ப நீ பக்கத்துல இருந்தியாடி?” என்று கேட்டாள்.

“இல்ல. ஸ்கூலுக்குப் போயிருந்தேன்” என்றேன்.

அப்பா இறந்துவிட்டார். முனுசாமியின் கிணறு தூர்ந்து, வீடு இருந்த இடத்தில் கோபுரத்தின் நான்கு கால்கள் நிற்கின்றன. கைப்பேசியில் விரலால் விரித்தால் எங்கள் ஊரின் கூரைகள்கூடத் தெரிகின்றன. தாளும் எண்ணும் இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை. நான் அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாளிலிருந்து சரசு மட்டும் வேறு பஸ்ஸில் போகிறாள்.